நன்றி சொல்லாத வெள்ளிக்காரி

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பட்டறைக்குள்ளே, தெருவே ‘வெள்ளிக்காரி’ என்று கூப்பிடும் அவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுத்த வெள்ளிக் கம்பியை வளைத்துச் செய்த வளையம். ஒட்டவைக்கும் பற்றாசு கிடையாது; இரண்டு முனைகளும் தாமாகவே உருகி ஒன்றாக வேண்டும். கேஸ் டார்ச்சின் நீலச் சுடரை வட்டமாகச் சுழற்றினாள். வெள்ளி வெளுத்தது... மங்கலாகச் சிவந்தது... இன்னும் ஒரு நொடிதான், பாதரசம்போல் பளபளத்து ஓடும். அந்த நொடியில் சுடரை எடுத்துவிட வேண்டும்!

கதவு படாரென்று திறந்தது. ஈரக் கோட்டு ஒன்று அவள் தோள்மேல் வந்து விழுந்தது. பதறிப்போய் டார்ச்சை அணைத்தாள். வளையம் உருகி உருண்டையாகிக் கிடந்தது.

“அறிவிருக்கா உங்களுக்கு? சங்கிலிக்குக் கடைசி வளையம், போச்சு!”

“வளையம் போனா போகட்டுங்க... உங்க துப்பட்டா பத்திக்கிச்சு.”

குனிந்து பார்த்தாள். ஒரு சாண் கரிந்திருந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் தலைமுடி... நிமிர்ந்தாள். இமைகளில் மழை சொட்டச் சொட்ட இரண்டு கண்கள். அவற்றில் பயம். முன்பின் தெரியாத அவளுக்காக!

“எதிர்க் கண்ணாடிக் கடையில லென்ஸ் மாட்டுறவன் நான். மழைக்கு ஒதுங்கினேன், ஜன்னல் வழியா தெரிஞ்சுது. ஆமா... தனியாவா வேலை பாக்குறீங்க?”

அந்தக் கேள்விதான் கெடுத்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா தினமும் கேட்கும் அதே கேள்வி. தயாராக வைத்திருந்த பதில் தானே குதித்து வந்தது.

“அது என் பாடு. நீங்க கிளம்பலாம்.”

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஒரே ஒரு நன்றி... சொல்ல வாய் வரவில்லையே!

சாயங்காலம் கரிந்த துப்பட்டாவை அப்பா பார்த்துவிட்டார். பட்டறையைப் பூட்டச் சொல்வாரென்று பயந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். அப்பா கரிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அந்தத் தம்பிக்கு நன்றி சொன்னியா?”

“இல்லப்பா...”

“நாளைக்கே போய்ச் சொல்லு. என் பொண்ணை எனக்குத் திருப்பிக் குடுத்திருக்கான்.”

போனாள். அப்பாவின் கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொண்டு திரும்பினாள். மறுபடி போனாள், கண்ணாடிக்கு உறை. மூன்றாம் தடவை, சுடர் கூசாமலிருக்கத் தனக்கே ஒரு கறுப்புக் கண்ணாடி. அவன் அவள் மூக்கின்மேல் அளவுகோலை வைத்தான்.

“கண்ணை மூடிக்கிட்டா எப்படிங்க அளக்குறது?”

“நீங்க இப்படிப் பார்த்தா எப்படிங்க திறக்குறது?”

ஐந்தாம் தடவை அவனே கேட்டுவிட்டான். “இன்னைக்கு அப்பா கண்ணாடிக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. நன்றி சொல்ல வந்தேன். அஞ்சு தடவையும் அதுக்குத்தான் வந்தேன்.”

“சொல்லியிருக்கலாமே?”

“அன்னைக்குத் திமிர். அப்புறம்... சொல்லிட்டா இங்க வர்ற காரணம் தீர்ந்துடுமேன்னு...” நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “ஒவ்வொரு வளையம் ஒட்டும்போதும் நினைச்சுக்கிறேன். நான் இன்னைக்கு இங்க நின்னு வேலை பாக்குறேன்னா அது உங்களாலதான். ரொம்ப நன்றிங்க.”

லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

“அப்போ... இனிமே வர மாட்டீங்களா?”

“வருவேன்.”

“எதுக்கு?”

“உங்களைப் பிடிச்சிருக்கு. அதுக்கு.”

அவன் முகம் சிவந்துபோயிற்று. துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“எனக்கும்தாங்க... அன்னைக்கே. ஆனா நாளைக்கு நீங்க வர வேண்டாம். நானே வர்றேன்... உங்க அப்பாவைப் பார்க்க.”