இரண்டு, பிறகு ஒன்று

யூபா நின்றபடியே ரொட்டியைப் பாதாம் விழுதில் தோய்த்துத் தின்றான்.

"உக்காந்து தின்னா அலை ஓடிப்போயிடுமா?" என்றாள் அக்கா தூதா.

"ஓடிடும்க்கா. உன்னைப் பாக்க வந்த மாப்பிள்ளைங்க மாதிரி."

விரலை நக்கிவிட்டு, அலைச்சறுக்குப் பலகையை இடுக்கிக்கொண்டு படியிறங்கினான்.

அன்று பிற்பகல் முனைப்பாறையில் ஒரு கடற்புறாகூடக் கத்தவில்லை. காபிக்கடைப் பாய்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் புதினாத் தேநீரோடு சாய்ந்து கிடந்தார்கள். கூரைகளில் உலர்ந்த அலைச்சறுக்கு ரப்பர் உடைகளின் புளித்த வாடையும் சுட்ட மத்தியின் புகையும் கலந்து வீச, கடலிலிருந்து எழுந்த மூடுபனி முதலில் படகுகளையும், பிறகு பாறையையும், பிறகு யூபாவையும் மெல்ல மூடிக்கொண்டது.

அகாதிர் நகருக்கு வடக்கே உள்ள அந்தக் கரையில், பனி இறங்கினால் தாம்பாளம் தட்டுவார்கள். வீட்டுக்கு வீடு தாளம் வேறு. கடலில் இருப்பவன் தன் வீட்டுத் தாளம் வரும் பக்கமாகக் கரை சேர்வான். தூதாவின் வீட்டுக்கு இரண்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று.

டீத் தாம்பாளத்தோடு கரைக்கு இறங்கிப் போய்த் தட்டினாள். பனிக்குள்ளிருந்து யூபாவின் சீழ்க்கை பதில் சொன்னது.

"மெதுவா, புள்ள," என்று சிரித்தார் வலை பிரித்துக்கொண்டிருந்த பூஜ்மா. "தாம்பாளம் நசுங்கினா நாளைக்கு டீயைத் தலையிலயா வச்சுத் தூக்கிட்டு வருவ?"

சீழ்க்கை நெருங்கி வந்தது. கை வலிக்கவே சற்று நிறுத்தினாள். கடல் பக்கமிருந்து இன்னொரு தாம்பாளம் கேட்டது.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

"எதிரொலிதானே, மாமா?"

பூஜ்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. "நீதான் நிறுத்திட்டியே."

சீழ்க்கை தயங்கியது. அங்கே திரும்பியது. மறுபடி இங்கே. தூதா ஓங்கித் தட்டினாள். அதுவும் ஓங்கித் தட்டியது. அதே தகரக் குரல். அதே நடுக்கம்.

வித்தியாசம் காட்டினால் தம்பி புரிந்துகொள்வான் என்று நினைத்தாள். தாளத்தை மாற்றினாள். நான்கு. நான்கு. நான்கு.

பூஜ்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "மாத்தாதே. இப்ப உங்க வீட்டுத் தாளம் அங்க மட்டும்தான் கேக்குது."

மறுபடி இரண்டு. ஒன்று. இரண்டு. ஒன்று. சீழ்க்கை விலகிக்கொண்டே போனது.

"யூபா, இங்கடா. நான் இங்க இருக்கேன்டா."

பனி விலகியது. படகுகளுக்கு வெகு அப்பால், பலகையில் குப்புறப் படுத்து, ஆழ்கடலை நோக்கிக் கைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பூஜ்மா படகைத் தள்ள ஓடினார். யூபா பலகைமேல் எழுந்து நின்றான். முன்னால் வெறும் தண்ணீர். தாழ்ந்த நிலைப்படியில் தலை இடிக்காமல் நுழைகிறவனைப் போலக் குனிந்து, ஒரு காலை எடுத்து வைத்து, உள்ளே போனான்.

எப்போதும் போல அலை முனையில் எழுந்து, துறைமுகம் வரை நீளமாக உடைந்தது.