நாற்பத்து மூன்றாவது பதில்

காலையிலிருந்து சுபாஜினியின் குரல் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. சிலிபின் சந்தியில் அப்பம் சுடும் அம்மா மூன்று தடவை "என்னா கேட்டீங்க?" என்றாள். பத்து மணிக்கு தஞ்சோங் மாலிமிலிருந்து அழைத்த மிதுலன், அவளோடு ஆய்வு செய்கிறவன், "அக்கா, மைக்க மியூட்ல போட்டுட்டீங்களா?" என்று கேட்டான். அவள் போடவில்லை. நாலு நாளாக மழை, தொண்டை கட்டியிருக்கும் என்று வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். பதினாறு வருடமாக ஊராருக்குப் பேச்சுச் சிகிச்சை கொடுக்கிறவளுக்குத் தன் தொண்டையைப் பற்றிப் பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பிற்பகலில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அடுப்படித் தகரத்தின் மேல் அது கொட்டுகிற ஓசைக்கு நடுவே, ஈரத்துணியும் அப்பாவின் தைலமும் கலந்து மணக்கும் அந்தக் கூடத்துக்குள், பின்கதவின் அடியிடுக்கு வழியாகப் புளித்த நாற்றம் ஒன்று மெல்ல நுழைந்து, சுவரோரமாகவே வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டது. ஒட்டுப்பால் நாற்றம். ரப்பர் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்துபோன பாலைச் சாக்கில் கட்டி வைத்தால் வருவது. எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு அது மறக்காது. ஆனால் இந்த வீட்டைச் சுற்றி ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது.

எதிரே சாய்வு நாற்காலியில் அப்பா சிவானந்தன். ஒரு காலத்தில் எஸ்டேட் கிராணி, அலுவலக எழுத்தர். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தை விரித்து, தொழிலாளர் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. கேட்பதெல்லாம் புரியும், பதில் வராது. டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் அது அவருக்காகப் பேசும். அந்தக் குரல் விமான நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். தண்ணீர் கேட்கக்கூட அவர் கூசினார்.

அவருக்கு அவருடைய குரலையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆய்வு, ஆசை, எல்லாம். அந்தக் குரல் ஒரே ஒரு தடவை "சுபாஜினி" என்று கூப்பிட வேண்டும். அதற்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள்.

குரல் ஒரு பழைய கேசட்டில் கிடைத்தது. புதிதாக வாங்கிய ரெக்கார்டரைச் சோதிக்க அப்பா அதைப் பெரட்டுக்கே கொண்டுபோயிருந்தார். நாற்பத்து மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் "இருக்கேங்கையா" என்று பதில். ஒன்றுக்கு மட்டும் இல்லை. "வீரம்மா!" என்று அப்பா கூப்பிடுகிறார். பிறகு எட்டு விநாடி மௌனம்.

அவள் எழுதிய நிரல் அழைப்பையும் பதிலையும் ஜோடியாகத்தான் ஏற்கும். ஒன்று குறைந்தால் எல்லாம் குளறுபடி. முந்தாநாள் அவளே மைக்கின் அருகில் குனிந்து, "இருக்கேங்கையா" என்று சொல்லி அந்த இடைவெளியை அடைத்தாள். அப்பா இடக்கையால் மேசையை அடித்தார். 'வேண்டாம்' படத்தைப் பத்துத் தடவை தொட்டார். அவள் குறிப்பேட்டில் 'சோர்வு' என்று எழுதி வைத்தாள்.

இன்று அதை ஓடவிட்டபோது, அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் புனிதா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். அவளும் அதே எஸ்டேட்காரி.

"யாரு அது, வீரம்மாவுக்குப் பதில் சொன்னது?"

சுபாஜினி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். வாயில் காற்றுதான் வந்தது.

புனிதாவின் முகம் வெளுத்துவிட்டது. "என்னா காரியம் பண்ணீங்க! வீரம்மா அதுக்கு முதல் நாளு மின்னல் அடிச்சுச் செத்துருச்சு. செத்தவங்க பேர மறுநாள் பெரட்டுல ஒரு தடவ கூப்பிடுவாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தம் வரலன்னாதான் ஐயா பேரக் கோடு போட்டு அடிப்பாரு. அடிச்சாதான் அவங்க போவாங்க."

'யாராவது பதில் சொல்லிவிட்டால்?' சுபாஜினி தாளில் எழுதிக் காட்டினாள்.

"எவனும் சொல்ல மாட்டான்லா."

புனிதா வழக்கமாக ஐந்து மணிக்குத்தான் போவாள். அன்று நாலுக்கே குடையை எடுத்தாள். செருப்பு பின்கதவருகில் கிடந்தது. அதை எடுக்காமல், முன்வாசல் வழியாக வெறுங்காலோடு போய்விட்டாள்.

சுபாஜினி கணினிக்குத் திரும்பினாள். மைக்கை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். திரையில் ஒலிக்கோடு அசையாமல் கிடந்தது. கேசட்டின் கணினிப் பதிவில் தான் ஒட்டிய துண்டைத் தட்டினாள். "இருக்கேங்கையா." தெளிவான, நோயில்லாத குரல். அவளுடையது. அவள் குரல் இப்போது இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

யோசிக்காமல் அழித்தாள்.

மழை நின்றது. பின்பக்கம் ஒரு ரப்பர்ப்பால் வாளி தரையில் வைக்கப்பட்டது. டங்.

டேப்லெட் திரை தானாக ஒளிர்ந்தது. அப்பாவின் பழைய செருமல். பிறகு அப்பாவின் குரல்.

"சின்னையா!"

"இருக்கேங்கையா." தோட்டத்திலிருந்து.

"பத்துமலை!"

"இருக்கேங்கையா." சன்னலடியில்.

"மங்களம்!"

"இருக்கேங்கையா." பக்கச் சந்தில்.

"வீரம்மா!"

பின்கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

"இருக்கேங்கையா." சுபாஜினியின் குரலில்.

ஈரக்கால்கள் அடுப்படியைக் கடந்தன. நாற்றம் கூடத்தை நிறைத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள். அவர் மடியில் எழுத்துப் பயிற்சிக்கு அவள் வாங்கிக் கொடுத்த நோட்டு விரிந்து கிடந்தது. கிராணியின் அழகான கையெழுத்தில், வரிசையாகப் பெயர்கள். கடைசியில் புதிதாக ஒன்று.

"சுபாஜினி!"

எத்தனை அன்பாகக் கூப்பிட்டது அந்தக் குரல். மூன்று வருடமாக அவள் காத்திருந்தது. வாயைத் திறந்தாள். நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வர, திறந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அப்பா அழுதுகொண்டே கூடமெங்கும் கண்களால் அவளைத் தேடினார். அவள் அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஏழு. எட்டு.

மூன்று வருடமாக அசையாத வலக்கை பென்சிலை எடுத்து, அவள் பெயரின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தது.