புல்தரையில் வந்த லயம்

கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் பாடமே நடக்கவில்லை. பிள்ளைகளின் கைகளிலெல்லாம் களிமண். ஈப்போ நகரத்துப் பொருட்காட்சியில் வைக்க, தோட்டம் முழுவதையும் ஒரு பலகைமேல் சின்னதாகச் செய்து தரும்படி தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டிருந்தார். வரைபடமும் அவரே கொடுத்தார்.

நவமணிக்கு ரப்பர் மரம் நடுகிற வேலை. குச்சிகளை வரிசையாக ஊன்றிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். வரைபடத்தில் பங்களா இருந்தது. ஆலை இருந்தது. துரையின் நாய்க்கூண்டுகூட இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தை மட்டும் காணோம். அந்த இடத்தில் பச்சைப் புல்.

"வாத்தியாரே, எங்க வீட்டைக் காணோமே?"

ராமையா வாத்தியார் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல போடலையேம்மா. பார்க்க வர்றவங்களுக்கு அழகா இருக்கணுமாம்."

"அப்ப பாலெடுக்க மரத்தை யாரு வெட்டுறது? நாயா?" என்றான் பக்கத்தில் இருந்த சீனி.

வகுப்பே சிரித்தது. வாத்தியாருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் துரையின் பேச்சை மீறி அங்கே பிழைக்க முடியுமா? புல்லையே போடச் சொல்லிவிட்டார்.

நவமணி புல்லைப் போட்டு முடித்தாள். மிச்சக் களிமண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய் லயத்தைச் செய்தாள். நீளக் கூரை, வரிசையாகக் கதவுகள், வாசலில் அடுப்பு. காய்ந்ததும் வாழை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பலகையில் அதற்கு இடம் கிடைக்கும் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை.

பலகையோடு வாத்தியாரும் பிள்ளைகளும் ஏறிய மாட்டுவண்டி குலுங்கிக் குலுங்கி ஈப்போ போய்ச் சேர்ந்தது. பலகையை இறக்கிப் பார்த்தால், புல்தரையின் நடுவே பெரிய வெடிப்பு.

வாத்தியாரின் முகம் வாடிப்போயிற்று. "துரை வர்ற நேரமாச்சே. என்னைத் தோட்டத்தை விட்டே விரட்டிடுவாரு."

அவரைப் பார்க்க நவமணிக்குப் பாவமாக இருந்தது. இலையைப் பிரித்து, லயத்தை எடுத்து வெடிப்பின்மேல் வைத்தாள். வெடிப்பு மறைந்துவிட்டது. வாத்தியார் லயத்தைப் பார்த்தார், துரை வரும் வாசலைப் பார்த்தார், அதை அப்படியே விட்டுவிட்டார்.

துரை வந்தார். "இது என்னா? நான் கொடுத்த படத்துலே இல்லே."



"எடுத்துடவாங்க, துரை?" என்று கேட்ட நவமணி, லயத்தை ஒரு பக்கமாகத் தூக்கிக் காட்டினாள். அடியில் வெடிப்பு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்குள் துரையின் விருந்தாளிகள் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

"வை, வை. அங்கேயே வை," என்றார் துரை.

மத்தியானம் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். நவமணியின் அம்மா கருப்பம்மாள் குனிந்து, ஒவ்வொரு கதவாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"நம்ம கதவு இதான். ஏன்டி, அடுப்பை இப்படி வச்சா புகையெல்லாம் வீட்டுக்குள்ளதானே போவும்?"

"நம்ம வீட்டுலயும் அப்படித்தானேம்மா போவுது."

பின்னால் நின்றவர்கள் தங்கள் தங்கள் கதவைத் தேட முண்டியடித்தார்கள். பொழுது சாயும்வரை பங்களாவைப் பார்க்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.