மரத்தில் இரண்டு பல்வரிசை

துணிமூட்டையை மேசைமேல் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்க அண்ணன் கண்ணைக் கெடுத்தது நானான்னு தெரியணும். நான்தான்னா நான்தான்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா போதும்."

கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்பதுபோல இருந்தது அவள் குரல். நான்கு மாதமாக அவளுக்கு அந்த ஒரு குரல்தான்.

எதிரே இருந்தவரை ஊரே 'நிதானம்' என்றுதான் அழைக்கும். விபத்துகளை ஆராய்வது அவர் தொழில். அவருடைய மனைவியின் தம்பி அவருக்கு உதவியாள். அவனுக்கு 'அவசரம்' என்று பேர் வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்திருந்தார்கள். அவன் ஓடிப்போய் மூன்று பேருக்கும் தேநீர் கொண்டுவந்தான். நிதானம் ஒரு வாய் குடித்துவிட்டு மச்சானை ஒரு பார்வை பார்த்தார், கோப்பையைத் தள்ளிவைத்தார். அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"சொல்லும்மா."

அவள் சொன்னாள். தரையில் நின்று பறக்கவிடும் சின்ன மாதிரி விமானங்களுக்கு அப்பா பட்டறை வைத்திருக்கிறார். அண்ணன் பறக்கவிடக் கற்றுக்கொடுப்பான். எஞ்சின் வேலை அவளுடையது. விபத்து நடந்த அன்று காலை பயிற்சி விமானத்துக்கு மரப் பிரொப்பெல்லர் மாட்டிக் கொடுத்தாள். வாசலில் எஞ்சினைக் கிளப்ப அண்ணன் அதை விரலால் சுண்டியபோது எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தது. நட்டு கழன்றது, பிரொப்பெல்லர் பறந்து முகத்தில் அடித்தது. வலது கண் போயிற்று. அப்பா பட்டறைச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

"நாளையிலேருந்து வேற மெக்கானிக் வர்றாரு."

மூட்டைக்குள் எஞ்சின், நட்டு, உடைந்த பிரொப்பெல்லர். நிதானம் ஒவ்வொன்றாக எடுத்தார். "எப்படி மாட்டுவே? எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கிட்டுச் சொல்லு."

"தண்டுல முதல்ல இந்தப் பல் வெச்ச தட்டு. இது தண்டோட பூட்டியிருக்கும், தனியாச் சுத்தாது. அதுமேல பிரொப்பெல்லர், அப்புறம் வாஷர், நட்டு. முடுக்கினா இந்தப் பல்லெல்லாம் மரத்துல கடிச்சுப் பிடிக்கும். அந்தக் கடிதான் பிரொப்பெல்லரைச் சுத்துது. நட்டு தளர்வா இருந்தா கடி இருக்காது. எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைச்சா தட்டு திரும்பிடும், பிரொப்பெல்லர் திரும்பாது, நட்டு கழண்டுடும்."

"எதால முடுக்குவே?"

"ரிங் ஸ்பானர்தான். கட்டிங் பிளேயர் பட்டா நட்டு முனை மழுங்கிடும்."

"பிரொப்பெல்லர் இறக்கை எந்தப் பக்கம் பார்த்து?"

"பிஸ்டன் அழுத்தத்துல முட்டி நிக்கும்போது இறக்கை படுக்கையா இருக்கணும். ஆகாசத்துல எஞ்சின் நின்னுபோனா அப்படியேதான் நிக்கும். இறங்கும்போது தரையில இடிச்சு உடையாது."

"எஞ்சினை யார் யார் எப்படிக் கிளப்புவாங்க?"

"அப்பாவும், கத்துக்க வர்ற பல் டாக்டரும் பேட்டரி மோட்டார் வெச்சுக் கிளப்புவாங்க. அண்ணன் மட்டும் விரலால சுண்டுவான். மோட்டாரெல்லாம் கத்துக்குட்டிகளுக்காம்."

அவசரம் துள்ளி எழுந்தான். "அத்தான்! பல் டாக்டர்! இங்க மரத்துல பல் தடம்!"

"உட்காருடா. அவர் வந்து கடிச்சாரா?"

மாலையில் எல்லோரும் பட்டறையில் இருந்தார்கள். அப்பா கதவோரம் நின்றார். அண்ணன் கருப்புக் கண்ணாடியோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பல் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவரில் தொங்கிய ஸ்பானர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை மனதில் நிற்கவில்லை.

நிதானம் பிரொப்பெல்லரின் பின்பக்கத்தைக் காட்டினார். "இங்க ரெண்டு வரிசை பல் தடம் இருக்கு. ஒண்ணு ஆழம், இன்னொண்ணு மேலோட்டம். இந்த மேலோட்டமான வரிசையிலேருந்துதான் மரம் பிறாண்டிக் கிழிஞ்சிருக்கு. அதனால கடைசியா நழுவினது இது. ஆழமானது அதுக்கு முன்னாடி, நல்லா முடுக்கினப்போ விழுந்தது. நடுவுல யாரோ கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க."

"இவளே திருத்தி மாட்டியிருக்கலாமே?" என்றார் அப்பா.

"இருக்கலாம். ஆனா நட்டைப் பாருங்க. ஆறு முனையும் கட்டிங் பிளேயர் கடிச்ச மாதிரி இருக்கு. இவ ஸ்பானர் இப்படிக் கடிக்காது." அவர் எஞ்சினை மேசையோரத்து இரும்புக் கவ்வியில் பூட்டினார். "இன்னொண்ணு. தட்டுல ஒரு பல் ஒடஞ்சிருக்கு. அதனால ரெண்டு வரிசையிலயும் ஒரு இடைவெளி. ஒடஞ்ச பல்லை ஆழமான வரிசையோட இடைவெளிக்கு நேரா பொருத்தி, அழுத்தத்துல நிறுத்துறேன்."

இறக்கை படுக்கையாக நின்றது.

"இவ மாட்டினது இது. இப்போ மேலோட்டமான வரிசைக்கு." தூக்கித் திருப்பி வைத்தார். இறக்கை சாய்ந்து, ஒரு முனை மேலே தூக்கி நின்றது. "இப்படி வெச்சா இறங்கும்போது ஒடையும். இதுல ஒரே ஒரு வசதிதான். விரல் வெச்சுச் சுண்ட வாகா இருக்கும்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஸ்பானர் உள்ள இருந்துச்சு," என்றான். "பத்தடி நடக்கச் சோம்பல். பாக்கெட்டுல பிளேயர் இருந்துச்சு. வழுக்கிக்கிட்டே இருந்துது, போதும்னு விட்டுட்டேன். ஆஸ்பத்திரியில நான் முழிக்கும்போதே அப்பா உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தார். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். தினமும் அப்படியே நெனச்சேன், தங்கச்சி."

அவள் தலையாட்டினாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். அழுகையாவது வரும் என்று பார்த்தாள். மழை நாளில் ஈரச் செருப்போடு நடப்பதுபோல ஒரு கனம் மட்டும் இருந்தது.

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கையில் கொடுக்க வந்தவர், முடியாமல் மேசைமேல் வைத்தார். "அந்த மெக்கானிக்கை வர வேணாம்னு சொல்லிடுறேன்," என்று சுவரிடம் சொன்னார். நான்கு மாதத்தில் அவளுக்கென்று அவர் பேசிய முதல் பேச்சு.

அவள் சாவியைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து புதுப் பிரொப்பெல்லரை எடுத்தாள். தட்டின்மேல் வைத்தாள். பிஸ்டன் முட்டும்வரை தண்டைச் சுற்றினாள். இறக்கையைப் படுக்கையாகத் திருப்பினாள். வாஷர், நட்டு. ரிங் ஸ்பானரைப் போட்டு இழுத்தாள். மரத்தில் பற்கள் இறங்கும் மெல்லிய நொறுங்கல் உள்ளங்கைக்குள் வந்தது. அது கைக்குத் தெரிந்தது.

ஸ்பானரைச் சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பியவள் அவசரத்தின் முன்னால் நின்றாள். அவள் முகம் சுருங்கியது.

"காலையில," என்றாள், "நீங்க டீயில சக்கரைக்குப் பதிலா உப்புப் போட்டிருந்தீங்க."