மேல்தளத்தில் ஒரு சுரப்பி குத்து

2214 தை மாதம், செவ்வாய்க் கோள், பொருநைக் குடியிருப்பின் மேல்தளம்: ஏழு மாதக் குழந்தை ஆதிரைக்குச் சுரப்பி குத்தும் நாள். அடுத்த வாரம் காது குத்து.

செவ்வாயின் கதிர்வீச்சில் குழந்தைகளின் தைமஸ் சுரப்பி சீக்கிரமே கருகிவிடும். அதற்குப் பதிலாகக் கொத்தமல்லி விதையளவு பயிற்றுச்சுரப்பி ஒன்றை நெஞ்சில் பதிப்பார்கள். எது தன் உடல், எது அந்நியம் என்று வெள்ளணுக்களுக்குப் பாடம் நடத்துவது அதுதான். அதற்கு அப்பா வழி, அம்மா வழி இரண்டு உயிரணு மாதிரிகளையும் ஊட்ட வேண்டும்.

அம்மா பிரசவத்தில் இறந்துவிட்டாள். கீழ்த்தளத்துப் பெண், காதல் திருமணம். மாதிரி தர வந்த அவள் அண்ணன் வேடியப்பனை, குழந்தையின் தாத்தா மாசிலாமணி மின்தூக்கியைத் தாண்ட விடவில்லை.

"அவளே போயிட்டா. அந்தப் பக்கம் எதுக்கு இனி? இது எங்க வீட்டுப் பிள்ளை, டாக்டர்."

"ஐயா, பாதி உடம்பு அவ குடுத்தது. அது யாருன்னு தெரியலேன்னா சுரப்பி அதையே கடிச்சுக் குதறும்," என்றாள் மருத்துவர் நப்பின்னை.

"குத்துறதுக்குத்தான் நீங்க. குலம் பாக்க நாங்க இருக்கோம்."

குழந்தையின் அப்பா ஒப்புதல் படிவத்தை மாசிலாமணியிடமே நீட்டினான். குடியிருப்புச் சட்டப்படி முடிவு குடும்பத் தலைவருடையது. குத்தாமல் விட்டால் சாதாரணச் சளியே குழந்தையைக் கொன்றுவிடும். நப்பின்னை அப்பா வழி மாதிரியை மட்டும் ஊட்டிக் குத்தினாள். தலைக்கு முப்பது கிலோ என்று எடை பார்த்து ஏற்றிய கப்பலில், ஆற்றையும் மழையையும் விட்டுவிட்டு இந்தக் குலத்தை மட்டும் எந்த மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள்?

மூன்றாம் நாள் குழந்தையின் கழுத்திலும் அக்குளிலும் நிணநீர்க் கணுக்கள் நெல்லிக்காயாக வீங்கின. மண்ணீரல் பெருத்தது. கிருமி எதுவும் அகப்படவில்லை. குழந்தையின் வெள்ளணுக்கள் குழந்தையையே தின்றுகொண்டிருந்தன.

மாசிலாமணி ஓடிவந்தார். "ஏதாவது பண்ணு தாயி!"

"பிள்ளையோட மாமாவை வரச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். "ஆளு வர வேணாம். குப்பியில குடுத்தனுப்பச் சொல்லு."

"அவரு ரத்தம் மட்டும் வரலாமா?"

"ரத்தத்தை யாரு பாக்கப்போறா?"

சண்டை போட நேரமில்லை. குப்பி மேலே வந்தது. சுரப்பி பாடத்தைத் திருத்திக்கொண்டது. வீக்கம் வடிந்து, ஆதிரை பால் குடித்தாள்.

தள்ளிப்போன காது குத்து அடுத்த மாதம் நடந்தது. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவது வழக்கம். ஆதிரை சித்தப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். வேடியப்பன் பட்டுப்பாவாடையும் தோடும் வைத்த தட்டோடு கீழ்த்தளத்து மின்தூக்கி வாசலில் நின்று, மேலே போக அனுமதி கேட்டுப் பொத்தானை அழுத்தினார்.

கதவு திறக்கவில்லை.