கடைசி வீதிக் குடங்கள்

கடைசி வீதிப் பழனாத்தாள், குழாய்த் தண்ணீர் சரியில்லையென்று மூன்றாம் முறையாக அதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது நீர்நிலையப் பொறியாளர் பூங்கோதைக்கு எரிச்சல்தான் வந்தது. ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேல்மட்டத்தில் மிதந்த நஞ்சளவிக் கருவி 'சுத்தம்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. போன இரண்டு தடவையும் அதைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினாள். "குடத்தை நல்லாக் கழுவிட்டுப் புடிங்கக்கா" என்று புத்திமதி வேறு!

தண்ணீரைச் சுத்தம் செய்யும் துளிக்கூடு பூங்கோதையின் கண்டுபிடிப்பு. கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? சாயக்கழிவு நஞ்சும் அதை உடைக்கும் நொதியும் தொட்டி முழுக்கக் கலந்து கிடந்தால், ஒன்றையொன்று சந்திக்கவே மாதக்கணக்காகும். அவள் சேர்த்த மருந்தோ, ரசத்தில் நெய் ஒதுங்குவதுபோலச் சிறு துளிகளாய்ப் பிரியும். இரண்டும் அந்தத் துளிகளுக்குள் முண்டியடித்துப் புகும். அரை மணியில் நஞ்சு ஒழியும். ஊரே அவளைக் கொண்டாடியது.

"இன்னிக்கு நீங்களே பாத்துருங்க அம்மணி" என்றாள் பழனாத்தாள். பாட்டிலை நீட்டிய கையில் தோல் உரிந்திருந்தது.

அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் பூங்கோதை தண்ணீரைச் சோதித்தாள். கையிலிருந்த அளவி சிவந்தது.  தொட்டியின் சூட்டைப் பார்த்தாள்: நாற்பத்தொரு டிகிரி. குளிரூட்டிய ஆய்வகத்தில் அவள் சோதித்தது இருபத்தைந்தில். சித்திரை வெயிலுக்கு நொதி துளியைவிட்டு வெளியேறியிருந்தது. நஞ்சு மட்டும் உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் சந்திக்காமல் வினை எப்படி நடக்கும்? கனத்த துளிகள் மேலே மிதந்த அளவிக்கு எட்டாமல் அடியில் தங்கிவிட்டன. முறைவைத்துத் தண்ணீர் விடுகையில் அடித்தண்ணீர் கடைசி வீதிக்குத்தான் போகும்.

"தப்பு எம்மேலதாங்கக்கா. உங்க குடத்துமேல இல்ல."

"நீங்க சொன்னீங்கன்னு எங்க வீதியே தெனமும் குடம் தேச்சுதுங்க. அந்தத் தண்ணியிலயேதான்."

பூங்கோதைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை அந்தப் பாட்டிலைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. தொட்டியை மூடினாள். 'தவறு என்னுடையது, இனி லாரித் தண்ணீர்தான்' என்று ஊர்ச் செய்திக்குழுவில் பெயர் போட்டு எல்லாருக்கும் அறிவித்தாள்.

ஐந்து நிமிடத்தில் நிலையத்துச் சுவர்த்திரையில் மற்ற வீதிக்காரர்களின் பதில்கள் குவிந்தன. 'எங்க தண்ணி நல்லாத்தான இருக்கு?' 'எதுக்கு மூடறீங்க?' எல்லாவற்றுக்கும் மேலே, நானூறு பேர் ஆமோதித்த ஒன்று நின்றது. பழனாத்தாள் எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே வாசித்தாள்.

"கடைசி வீதிக்காரங்களை... குடத்தை நல்லாக் கழுவச் சொல்லுங்க."

திரையை அணைக்க நீண்ட கையைப் பூங்கோதை இழுத்துக்கொண்டாள்.

"அது நான் சொல்லிக் குடுத்ததுங்கக்கா" என்றாள்.