இரண்டு வேலிக்கு நடுவே நாலு விரல்

தோட்டத்தின் அகலம் பத்திரப்படி ஆறு மீட்டர் இருபது. சனிக்கிழமை ஓட்மார் அளந்தபோது ஆறு பதினெட்டு இருந்தது. அளவு நாடாதான் இழுபட்டுவிட்டது என்று கடை அடைப்பதற்குள் ஓடிப்போய்ப் புது நாடா வாங்கி வந்தார். அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை துளை போடக் கூடாது, புல் வெட்டக் கூடாது. ஆனால் அளக்கலாம், அளப்பதற்குச் சத்தமில்லை. புது நாடா ஆறு பதினாறு என்றது.

நியூரம்பெர்க்கை ஒட்டிய அந்தச் சிற்றூரில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். முதல் வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் 'நலமாயிருங்கள்' என்பார்கள். ஓட்மார் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு பிர்னருக்கும் இடையே நாற்பது வருஷமாக வேலி கிடையாது, சில செடிகளும் ஓர் எல்லைக்கல்லும்தான். இப்போது வேலி வேண்டியிருந்தது. ஓட்மாரின் மனைவி இர்மிக்கு மறதி முற்றிவிட்டது. பிர்னர் தோட்டம் வழியாக இரண்டு தடவை வெளியே போய்விட்டாள். இரண்டாம் தடவை வீட்டுச்செருப்போடு தண்டவாளத்தில் நின்றாள். ஆளுயர வேலி போடுங்கள், இல்லையென்றால் முதியோர் இல்லத்தில் சேருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலி போடுகிறவர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். கம்பம் நடும் கோட்டை மட்டும் சரியாகக் காட்டுங்கள் என்றார்கள்.

கோடுதான் நகர்ந்துகொண்டிருந்தது.

"யோவ் பிர்னர், ராத்திரியில கல்லைத் தள்ளி வைக்கிறியா?"

"நானா? என் முதுகு இருக்கிற லட்சணத்துல பீர்ப் பெட்டியையே என் பொண்டாட்டிதான் தூக்குறா. வா, என் பக்கத்தையும் அள."

அளந்தார்கள். பிர்னருக்கும் நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

"உனக்கும் குறையுது, எனக்கும் குறையுது. அப்ப யாருக்குய்யா கூடுது?"

இருவரும் சிரித்தார்கள். இருவரும் நிறுத்தியபிறகும் செடிகளுக்குள் சிரிப்பு கொஞ்சம் பாக்கி இருந்தது.

ஊரில் எல்லைக்கல் நட்டுக் காவல் பார்க்கச் சத்தியம் செய்தவர்கள் ஏழு பேர். எல்லைக்கல்லுக்கு அடியில் அவர்கள் ஓர் அடையாளம் புதைத்து வைப்பார்கள். ஓட்டுச்சில்லா, கண்ணாடியா, எப்படி அடுக்கியது என்பதைச் சாகும்வரை மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். கல் நகர்ந்தால் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். அவர்கள் தோண்டும்போது மற்றவர்கள் திரும்பி நிற்க வேண்டும். அதுதான் முறை.

புதன்கிழமை மூன்று மணிக்கு அந்த ஏழு பேரில் ஒருவரான கிழவர் எக்லோஃப் மண்வெட்டியோடு வந்தார். நவம்பர் வெயில் அதற்குள் களைத்திருந்தது. இர்மி நாற்காலியில் போர்வைக்குள் உட்கார்ந்து பிளம் கேக் தின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் திரும்பி நில்லுங்க."

ஓட்மாரும் பிர்னரும் கருவிக்கொட்டகையைப் பார்த்து நின்றார்கள். மண்வெட்டி ஈர மண்ணுக்குள் இறங்கும் சத்தமும், வேர் அறும் சத்தமும், அழுகிய இலையும் பழைய நிலவறையும் கலந்த ஒரு வாடையும் முதுகுப்பக்கமிருந்து மெல்ல மெல்ல வந்து சட்டைக் காலருக்குள் நுழைந்தன. பிறகு மண்வெட்டி நின்றது, நின்றபிறகும் தோண்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை, அது இப்போது கீழேயிருந்து கேட்டது.

"அடடே, வாங்க, வாங்க!" என்றாள் இர்மி.

ஓட்மாரின் கழுத்து பாதி திரும்பியது. அவர் அப்பா திரும்பியதில்லை. தாத்தாவும் திரும்பியதில்லை. கழுத்தைப் பழையபடி கொட்டகைக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"ஆச்சு" என்றார் எக்லோஃப், வெகுநேரம் கழித்து.

ஒரு கல் இருந்த இடத்தில் இரண்டு கற்கள் இருந்தன. அதே பாசி, அதே எழுத்து. நடுவில் நாலு விரல் இடைவெளி.

"எது சரியான கல்லு?"

"ரெண்டுந்தான். ரெண்டுக்கு அடியிலயும் எங்க அடையாளம் இருக்கு."

"அப்ப நடுவுல?"

எக்லோஃப் கையைப் புல்லில் துடைத்தார். போதாமல் கால்சட்டையிலும் துடைத்தார். "ஆளுக்கொரு வேலி போட்டுக்கங்க. உயரமாப் போடுங்க." காபி குடிக்காமலே போய்விட்டார். அந்த ஊரில் எல்லை பார்க்க வந்தவர் காபி குடிக்காமல் போனது அதுவே முதல் தடவை.

"இர்மி, நீ திரும்பலியா?"

"நீங்க எல்லாரும் மரியாதையில்லாம முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா, வந்தவங்களை யாரு வாங்கன்னு கூப்பிடுறது?"

"எத்தனை பேரு?"

"வரிசையா நிக்கிறாங்க ஓட்மார். பின்னாடி இருக்கிறவங்க தெரியல."

வியாழன் முழுக்க அவர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. ஜன்னல், இர்மி, நாடா, மறுபடி ஜன்னல்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இரண்டு வேலியும் எழுந்துவிட்டன, ஆளுக்கும் மேலே ஒரு சாண், பலகையோடு பலகை இறுக்கி. புது மரத்தின் பிசின் வாசம் தெருவெல்லாம் அடித்தது. இடைவெளியை அடைக்க வீட்டுச்சுவர்ப் பக்கம் ஒரு கட்டை, பின்கோடியில் ஒரு கட்டை. நடுவில் அந்த நாலு விரல் இருட்டு, எந்தப் பக்கமும் வாசல் இல்லாமல். ஓட்மார் தோட்டக்கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டார். ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார்.

நாலு மணிக்கு வெளிச்சம் வடிந்தது.

"காபி ஆறுது, இர்மி."

ஜன்னலோர நாற்காலி காலி. போர்வை சூடாக இருந்தது. தோட்டக்கதவு பூட்டியிருந்தது. தெருக்கதவும். சாவி பையில்.

"இர்மி!"

"இங்கதான் இருக்கேன். கத்தாத."

குரல் வேலியிலிருந்து வந்தது.

"எங்க?"

"கொஞ்சம் நெருக்கடிதான். பரவால்ல. ரொம்ப நல்ல மனுசங்க."

பூட்டைத் திறந்து ஓடிக் கொட்டகையிலிருந்து கடப்பாரை எடுத்தார். வேலியில் சொருகினார். ஒரு பலகை. ஆணி முனகியது. அந்தப் பக்கம் பிர்னர் "என்னய்யா ஆச்சு?" என்றார். ஓட்மார் இன்னும் அழுத்தி நெம்பினார். பலகை பிளந்து விழுந்தது.

நிலவறை வாடை.

இர்மி நின்றாள். பக்கவாட்டில். நாலு விரலுக்குள். கையில் கேக் தட்டு. அவளுக்குப் பின்னால் ஒரு தோள். அதற்குப் பின்னால் ஒரு தோள். இன்னொரு தோள். தோட்டத்தின் நீளம் பன்னிரண்டு மீட்டர். தோள்கள் அதற்குள் முடியவில்லை.

"ஓட்மாரும் வந்துட்டார்" என்றாள் அவள், பின்பக்கம் திரும்பி.

வரிசை முழுக்க, கோடிவரை, எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை ஒடுக்கி, இன்னோர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.